மழைச் சத்தம் கேட்டால் ஜெபம் பாதியில் நின்றுவிடுகிறது

மேமலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு கிழமையாக யோசித்தேன். சபையில் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி, அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், இராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்து, முழங்கால் போனதும் நின்றவர். அப்பா இல்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஞாயிறு பாடசாலையும் என் பொறுப்புதான். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். வேதத்தில் எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். தூக்கம் வந்தால்.

2025 நவம்பர் 27 இரவு, டிட்வா புயல் மழையில், எங்கள் மேல் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருந்த மலை இறங்கியது. இடி மாதிரி இருந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. கொட்டி முடியவே இல்லை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அம்மாவின் கொழுந்துப் படங்கை ரெண்டு பேரும் தலையில் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். தோட்டத்தில் அந்த நேரம் உயரமாகவும் உறுதியாகவும் இருந்த கட்டடம் அது ஒன்றுதான். விடிந்து பார்த்தால் மேல் லயத்தில் ஐந்து காம்பராக்கள் (லயத்து அறை வீடுகள்) இல்லை. இடிந்து கிடக்கவில்லை, அந்த இடத்தில் எதுவுமே இல்லை. சிவப்பு மண்ணும் வேரோடு வந்த தேயிலைச் செடிகளும் மட்டும்.

எங்கள் காம்பரா இப்போதும் நிற்கிறது. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. திரும்பிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரெண்டு மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம். இப்போது சித்தப்பா வீட்டு இஸ்தோப்பை (முன் திண்ணையை) பலகையால் மறைத்து அதில் இருக்கிறோம். காணி தருவார்கள் என்கிறார்கள். ஃபாரம் மூன்று தடவை நிரப்பிக் கொடுத்தாயிற்று. அதை விடுங்கள், நான் கேட்க வந்தது அது இல்லை.

என் வகுப்பில் ரெண்டு பிள்ளைகள் இனி வர மாட்டார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று இடாப்பில் அந்த ரெண்டு பெயருக்கும் சிவப்பு மையால் கோடு போடச் சொன்னார்கள். அடிமட்டம் வைத்துப் போட்டேன். கோடு நேராக வந்தது. ஏன் அவ்வளவு நேராக வந்தது என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

அப்புறம் டிசம்பர் 31 இரவு ஆராதனை. வருடா வருடம் போல வாக்குத்தத்த அட்டைகளை, புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எழுதினவை, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். ஏசாயா 54:10. "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும், என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும் இருக்கும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலை விலகுவதை உவமையாகச் சொல்லுகிற ஊர் வேறு எங்கேயோ இருக்கிறது. எங்கள் ஊரில் மலை விலகியது, அதற்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா என் அட்டையைப் பார்த்து, "உனக்காகவே வந்த வசனம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அந்த அட்டையை வீசவில்லை, கைப்பைக்குள்தான் இருக்கிறது.

இப்போது பின்னேர இடிமழை தொடங்கிவிட்டது. தகரத்தில் முதல் துளி விழுந்தால் போதும், வயிற்றுக்குள் ஏதோ இறுகும். முழங்காலில் நின்று "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்குவேன், மழை கூடினால் அதற்குமேல் ஒரு சொல் வராது. காது மட்டும் மலைப் பக்கம் இருக்கும். சபையில் சாட்சி சொல்லுகிறவர்கள் "புயல் நடுவிலும் எனக்குப் பூரண சமாதானம்" என்கிறார்கள். கேட்கும்போது எனக்குத்தான் விசுவாசம் இல்லையோ என்று வருகிறது.

ஆறுதல் வசனம் வேண்டாம். அது என்னிடம் நிறைய இருக்கிறது. இப்படி ஒன்றை உண்மையில் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

எல்ரோயி எழுதியது:

சகோதரி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்களைக் காப்பாற்றினாரே, அதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு நோக்கம் இல்லாமல் உயிரோடு வைத்திருக்க மாட்டார்.

பயம் தேவனிடத்திலிருந்து வருவதில்லை. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" (2 தீமோத்தேயு 1:7). மழை தொடங்கியதும் இந்த வசனத்தைச் சத்தமாக அறிக்கை செய்யுங்கள், ஏழு தரம், பத்துத் தரம். படகில் சீஷர்கள் பயந்தபோது ஆண்டவர் என்ன கேட்டார்? "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்? ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று?" என்றுதானே கேட்டார். அந்த அட்டை தற்செயலாக உங்கள் கைக்கு வரவில்லை. சந்தேகப்படாமல் பற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

மேமலை எழுதியது:

நன்றி அண்ணா. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். என்னைக் காப்பாற்றியதில் நோக்கம் இருக்கிறது என்றால், இடாப்பில் கோடு போட்ட அந்த ரெண்டு பிள்ளைகள்? எட்டு வயது. இந்த வாக்கியத்தை அவர்களுடைய பெரியம்மா முன்னால் என்னால் சொல்ல முடியாது. அவர் முன்னால் சொல்ல முடியாத ஒன்றை எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

---

ஊவாக்காற்று எழுதியது:

தங்கச்சி, நான் கொஸ்லந்தைக்காரன். மீரியபெத்தை மண்சரிவு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014 அக்டோபர் 29, காலை நேரம். நான் அப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை. என் அக்கா, மச்சான், அவர்கள் பிள்ளைகளில் ஒன்று. மற்றப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தான், அதனால் இன்றைக்கு இருக்கிறான். அப்படிப் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்து வீட்டைத் தேடின பிள்ளைகள் அங்கே பலர்.

என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். ஒழுங்காகச் சொல்ல வராது, ஞாபகம் வருகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் பதினொரு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. இதைச் சாட்சியாக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடித்தால் விறகு வெட்டப் போய்விடுவேன். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று யாராவது சொன்னால் அடிக்கக் கை வரும். யோபுவை எல்லாரும் பொறுமைக்காரர் என்கிறார்கள். முதல் ரெண்டு அதிகாரத்தோடு புத்தகத்தை மூடினால் அப்படித்தான் தெரியும். மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபுமேல் இல்லை, விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த சிநேகிதர்கள்மேல். அந்தச் சிநேகிதர்களும் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்துதான் கெடுத்தார்கள்.

எனக்கு அப்படிப் பேசாமல் இருந்த ஒருவர் கிடைத்தார். எங்கள் உபதேசியார், அப்போதே எழுபது வயது தாண்டியவர். நாங்கள் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தங்கியிருந்த காலம். வீடு கையில் கிடைக்க ரெண்டு வருடம் ஆனது, அது வேறு கதை. புதன்கிழமை தவறாமல் வருவார், பஸ் இறங்கி ரெண்டு மைல் நடந்து. குடையை மூலையில் சாத்துவார், ஒரு பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) குடிப்பார், தோட்டத்துச் சங்கதி ஏதாவது ரெண்டு வார்த்தை. எழும்பும்போது கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். என்னையும் சொல்லச் சொன்னது கிடையாது. நான் கண்ணைத் திறந்துகொண்டே இருப்பேன், அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி முடிப்பார். ஒருநாள் நானாகவே கேட்டேன், "ஐயா, நான்தான் ஒன்றும் சொல்லுவதில்லையே, ஏன் மழையில் வாறீங்க?" அதற்கு அவர் சொன்னது: "1854இல் தோட்டத் தமிழர் நடுவில் ஊழியம் செய்யத் தமிழ் கூலி மிஷன் தொடங்கின காலத்தில் உபதேசிமார் லயம் லயமாக நடந்துதான் போனார்கள். நீ சொல்லாவிட்டால் என்ன, உனக்கும் சேர்த்து நான் சொல்லுறேன், கடன் மாதிரி வைத்துக்கொள்." நான் சிரித்தேன். அக்கா போனதற்குப் பிறகு முதல் சிரிப்பு.

அவர்தான் 88ஆம் சங்கீதத்தைக் காட்டினார். நீங்கள் வேதம் தெரிந்தவர், ஆனால் அதை எந்த வாக்குத்தத்த அட்டையிலாவது பார்த்திருக்கிறீர்களா? மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. கடைசி வரி: "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மறைந்துபோனார்கள் என்ற சொல்லில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒன்றை வெட்டி எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அப்போ நான் நிற்கிற இடமும் வேதத்துக்கு உள்ளேதான் இருக்கிறது என்று தோன்றியது. அன்றைக்குச் சமாதானம் வந்ததா என்றால் இல்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை ஐயாவோடு சேர்ந்து பாதி ஜெபம் சொன்னேன். "எங்கள் கடனாளிகளுக்கு" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன், மீதியை அவர் சொன்னார்.

எல்ரோயி அண்ணன் படகைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. மாற்குவில் படித்துப் பாருங்கள். சீஷர்கள் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கத்தித்தான் எழுப்பினார்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அடக்கினார், கேள்வி அதற்குப் பிறகு. மத்தேயுவில் வரிசை மாறி இருக்கிறது, தெரியும். இருந்தாலும் எனக்கு மாற்குதான் பிடிக்கும். கத்தினதற்காக யாரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

இன்னொன்று, இது வேதத்தில் இல்லாதது. மழைப் பயத்துக்கு எனக்கு அதிகம் உதவினது ஒரு போத்தல். சிரிக்காதீர்கள். ராத்திரி முழுக்க "இவ்வளவு பெய்யுதே, இவ்வளவு பெய்யுதே" என்று கிடப்பேன், எவ்வளவு என்று தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் மழைமானி பற்றிச் சொல்லித் தந்தார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் சாமானைக் கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். 150 என்றால் யார் சொல்லுவதற்கும் காத்திராமல் இறங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் 75 கொட்டினாலும் அதே கதைதான். மழையளவு குறைவாக இருந்தாலும் நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர்) கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றைப் பார்த்தால் அளவையெல்லாம் விட்டுவிட்டு ஓடுங்கள். நானாக ஒரு போத்தலை வெளியில் வைத்தேன். ராத்திரி எழும்பி டோர்ச் அடித்துப் பார்ப்பேன். 18. சரி. போய்ப் படுப்பேன். பயம் போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு எண் கிடைத்தது. அந்த எண்ணோடு சேர்த்து ஜெபிக்க முடிந்தது. "ஆண்டவரே, 18" என்று சொல்லிவிட்டுத் தூங்கின நாள்கள் உண்டு. அதையும் ஜெபக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினொரு வருடம் ஆகியும் இல்லை.

---

செபமாலைக்காரி எழுதியது:

நான் கத்தோலிக்கம், அட்டன் பக்கம். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் அந்தத் தங்கச்சி ஜெபம் பாதியில் நிற்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

என் கதை மலை விழுந்த கதை இல்லை, கடன் கதை. கிழமைக் கடன் மூன்று இடத்தில் எடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை லோன்காரர் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தால் காசு கொடுக்கும்வரை எழும்ப மாட்டார். அடுத்த காம்பராக்காரர்கள் பார்க்க, பிள்ளைகள் பார்க்க. பேர் போட்டால்தான், அதாவது அன்றைய வேலையை முழு நாளாகப் பதிந்தால்தான், முழுச் சம்பளம். மழையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். என்னத்தைக் கட்டுவது? ஒருநாள் ராத்திரி மிளகாய்ச் செடிக்கு அடிக்கிற மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தேன். அதுக்கு மேலே எழுத மாட்டேன்.

அந்த ராத்திரி எனக்குச் சொந்தமாகச் செபிக்க ஒரு சொல் இல்லை. அம்மாவின் பழைய செபமாலை சாமி மேடையில் தொங்கியது. ஒரு மணி, ஒரு அருள் நிறைந்த மரியே. அடுத்த மணி. 53 மணி முடியும்வரை கையில் வேறு ஒன்றும் எடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் இன்னொரு சுற்று. விடிந்துவிட்டது. மனசு செபத்தில் இருந்ததா? இல்லவே இல்லை, கடன் கணக்கில்தான் இருந்தது. விரல்தான் செபித்தது.

உங்கள் சபையில் செபமாலை கிடையாது, தெரியும். ஆனால் உங்களுக்கும் ஆயத்தமான வார்த்தைகள் இருக்கின்றனவே. அந்த ஊவா அண்ணனின் உபதேசியார் சொன்ன மாதிரி, மற்றவர்கள் செய்து வைத்த செபத்தைக் கடனாக வாங்குங்கள். பாதியில் நின்றால் திரும்ப முதலிலிருந்து. நின்ற இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் வேண்டுகிறார் என்று உரோமையர் நிருபத்தில் இருக்கிறதே, பெருமூச்சுக்கு மேலே போக முடியாத ஆளுக்குத்தானே அது.

மறக்காமல் இதையும் சொல்லுகிறேன். விடிந்ததும் நான் முதலில் போனது கோயிலுக்கு இல்லை, பக்கத்துக் காம்பரா அக்காவிடம். அவர் சைவம். போத்தலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், ரொட்டி சுட்டுத் தந்தார், அடுத்த செவ்வாய் லோன்காரர் வந்தபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

---

பழைய மருந்துக்காரன் எழுதியது:

தோட்டத்து டிஸ்பென்சரியில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆவிக்குரிய பக்கத்தை மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். நான் உடம்புப் பக்கம் மட்டும்.

மகள், நீங்கள் எழுதியதில் மழைத் துளி விழுந்ததும் வயிறு இறுகுவது, தூக்கம் இல்லாதது, காது ஒரே பக்கம் நிற்பது, இதெல்லாம் விசுவாசக் குறைவுக்கான அடையாளம் இல்லை. சாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்த உடம்பு, திரும்பவும் ஏமாறக் கூடாது என்று காவல் நிற்கிறது. சிலருக்குச் சில கிழமையில் தானாக அடங்கும். ஒரு மாதத்துக்கு மேலும் அப்படியே நின்று, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. போக முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் பேசலாம். செபமாலை அம்மாவுக்கும் இதையே சொல்கிறேன். அப்படி ஒரு ராத்திரி திரும்ப வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே பக்கத்து அக்காவின் கதவைத் தட்டுங்கள்.

"டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லை என்பார்கள்" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எலியா தீர்க்கதரிசியைக் காட்டுவேன். சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றவருக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், திரும்பப் படுத்துவிட்டார். ரெண்டாம் தரமும் எழுப்பி அதையேதான் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் ஓரேப் மலையில் கேட்டது அதற்கு நாற்பது நாள் கழித்து. நீங்கள் இப்போது சூரைச்செடிக்குக் கீழே இருக்கிறீர்கள், ஓரேபில் இல்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கிறீர்களா? நிறுத்திப் பாருங்கள். தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லுவது அநியாயம்தான்.

---

எல்ரோயி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். சகோதரி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெரியம்மாவை யோசிக்காமல் எழுதினது தப்பு.

ஆனால் வசனத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள் என்றது நான் புத்தகத்தில் படித்ததில்லை. 2022இல் வேலை போய், கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை என்று நின்ற காலத்தில் கை நடுங்கும். அப்போது அந்த ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் கொடுத்தேன்.

---

மேமலை எழுதியது:

மூன்று கிழமை கழித்துத் திரும்ப வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. எல்ரோயி அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். வரிசையில் நின்று கை நடுங்கியதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் நான் அப்படித் திருப்பிக் கேட்டிருக்க மாட்டேன்.

1926க்கு எடுத்தேன். முதல் தடவை வைத்துவிட்டேன். ரெண்டாம் தடவை பேசினேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் திகதி கிடைத்திருக்கிறது. தேத்தண்ணியை நிறுத்த முடியவில்லை ஐயா, நாலு மணியோடு நிறுத்தியிருக்கிறேன்.

88ஆம் சங்கீதத்தை ஒரு ராத்திரி அம்மாவுக்கு வாசித்தேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது, சங்கீதம் 23, 91, 121 எல்லாம் பாடம். இதைக் கேட்டதே இல்லையாம். முடித்ததும், "இப்படியும் வேதத்தில் எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சாமியைப் பார்த்தா இப்படிப் பேசியிருக்கான்?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மேல் லயத்து ஆட்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். முதல் காம்பராவிலிருந்து வரிசையாக, யார் யார், யாருக்கு என்ன உறவு, யாரோடு எந்த மலையில் கொழுந்து எடுத்தது, யார் கடைசியாகச் சீனி கடன் வாங்கியது என்று. நவம்பரிலிருந்து அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அழுதார். நான் இடாப்புக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. என் ரெண்டு பிள்ளைகளின் பெயர் வந்தபோது நான்தான் சொன்னேன். அது ஜெபமா என்று தெரியவில்லை, முடிவில் அம்மா ஆமென் என்றார்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை, அதனால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. போன வியாழன் பெய்தது. வயிறு இறுகத்தான் செய்தது. கர்த்தருடைய ஜெபம் நாலு தடவை பாதியில் நின்றது, ஐந்தாம் தடவை அம்மா மறுபக்கத்திலிருந்து மீதியைச் சொன்னார். அவரும் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார், இவ்வளவு நாளும். எனக்குத் தெரியாது. ஒரு மணிக்குப் பிறகு தூங்கினோம் என்று நினைக்கிறேன்.

ஏசாயா அட்டை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

ஊவா அண்ணா, போத்தல் விஷயம். வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன், இப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் யார் அளவு பார்ப்பது என்று சண்டை. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறோம். ஒரு சந்தேகம். ஒருவன் கோர்டியல் போத்தல் கொண்டுவந்தான், இன்னொருத்தி பால்மா டின் கொண்டுவந்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே மழைக்குப் போத்தலில் 6 மில்லிமீட்டர், டின்னில் 31. எதை நம்புவது?

---

ஊவாக்காற்று எழுதியது:

டின்னை நம்புங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்க வேண்டும். கோர்டியல் போத்தலுக்கு வாய் குறுகல், விழுகிற மழையில் கொஞ்சம்தான் உள்ளே போகும், குறைத்துக் காட்டும். அது ஆபத்து, அந்தப் பையனிடம் நல்ல மாதிரி சொல்லி எடுத்துவிடுங்கள். டின்னைக் கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்தி, காற்றில் சாயாமல் கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்த்து, பார்த்ததும் கொட்டிவிட வேண்டும்.

அப்புறம், பிள்ளைகளின் அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள்.